விடுப்புப் பக்கத்தில் எட்டு நாட்கள்

கிட்சனர், கனடா
14 செப்டம்பர் 2003

அன்புள்ள கெசினே அக்காவுக்கு,

நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? காதுக்கு வாங்கிய புது மிஷினை இந்தத் தடவையாவது மாட்டிக்கொள்கிறாயா, இல்லை அதுவும் மேசை டிராயருக்குள் தூங்குகிறதா? நானும் டோரீனும் சுகம். ஆனால் வியாழக்கிழமையிலிருந்து நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. "ஒண்ணு உட்காரு, இல்ல வெளிய போ ஐலர்ட். தரை தேயுது" என்கிறாள் டோரீன்.

விஷயம் இதுதான். அப்பாவின் சிப்பாய்ப் புத்தகம், பட்டாளத்தில் எப்போதும் அவர் பையிலேயே இருந்த அந்தப் பதிவுப் புத்தகம், என் கையில் இருக்கிறது.

இங்கே ஓவன் சவுண்ட் என்ற ஊரில் டல்லக் என்று ஒரு அம்மாள். அவளுடைய அப்பா 1945இல் ரைன் நதிக்கரையில் நம் ஜெர்மன் ஆட்களோடு சண்டை போட்ட கனடாக்காரர். போன வருஷம் தவறிவிட்டார். அவர் அலமாரியில் காலுறைகளுக்கு அடியில் இந்தப் புத்தகம் இருந்திருக்கிறது. உறவினர் பக்கத்தில் அம்மாவின் பெயரும் நம் வேடஹோர்ஸ்ட் முகவரியும் இருக்கவே, ஊர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். "மகன் உங்கள் நாட்டிலேயே இருக்கிறார்" என்று அவர்கள் என் விலாசத்தைக் கொடுத்துவிட்டார்கள். நான் போனபோது ஆப்பிள் பணியாரம் வைத்து, புத்தகத்தை ஒரு துணியில் சுற்றித் தந்தாள். "இத எங்கேருந்து எடுத்தாருன்னு எங்கப்பா ஒரு நாளும் சொல்லல. ஆனா தூக்கியும் போடல" என்றாள். எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை.

முதல் பக்கத்தில் படம். இரண்டு ஆணி வைத்து அடித்திருக்கிறார்கள், ஆணி துருப்பிடித்துத் தோளில் இறங்கியிருக்கிறது. என் மகனைவிடச் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது உன் தயவு வேண்டும். எண்கள் எனக்குப் புரிகின்றன. எழுத்து ஒன்றுகூடப் புரியவில்லை, எல்லாம் பழைய எழுத்து, வேலி போட்ட மாதிரிக் குத்துக் குத்தாக நிற்கிறது. நான் பிறந்த வருஷம்தானே பள்ளிக்கூடங்களில் அதை நிறுத்தினார்கள்? உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்கவில்லை. எல்லாப் பக்கத்தையும் நகலெடுத்து வைத்திருக்கிறேன். படித்து, வரி வரியாக எழுதி அனுப்பு. போனில் உனக்குக் காது கேட்காது, எனக்குக் கத்தவும் பிடிக்காது.

அப்பாவைப் பற்றி எனக்கு இருப்பது ஒரே ஒரு ஞாபகம். உயரமான ஒரு பலகை மேல் உட்கார்ந்திருக்கிறேன், கால் இரண்டும் தொங்குகின்றன, வாயில் கட்டிச் சர்க்கரை. சுற்றிலும் சிரிப்பு. யாரோ என் இடுப்பைப் பிடித்திருக்கிறார்கள். அது அப்பாதானே? அம்மாவிடம் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எத்தனை வசதி வந்தபோதும் அவள் வீட்டில் கட்டிச் சர்க்கரை வாங்கியதே இல்லை, வாங்கியிருந்தால் எனக்கு இன்னும் ஏதாவது ஞாபகம் வந்திருக்கும்.

உடனே எழுது.
உன் தம்பி,
ஐலர்ட்


வேடஹோர்ஸ்ட்
29 செப்டம்பர் 2003

அன்புத் தம்பி ஐலர்ட்டுக்கு,

நீயும் டோரீனும் பேத்தி ஹேஸலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால் மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்கிறது. காது மிஷின் டிராயரில்தான் இருக்கிறது. மாட்டினால் பக்கத்து வீட்டுக்காரி பேசுவது கேட்கிறது, அதற்கு மாட்டாமல் இருப்பதே மேல்.

ஊர் அலுவலகத்துக் குமாஸ்தாவை நேரில் போய்க் கேட்டேன். "மூணு தெரு தள்ளி நான் இருக்கேன், கடல் தாண்டி விலாசம் குடுக்கிறியே" என்றேன். "அந்த அம்மா கனடாவுல இருந்து எழுதினாங்க, ஒங்க தம்பியும் கனடா. தபால் செலவு மிச்சமாகுமேன்னு பாத்தேன்" என்கிறான். இவனையெல்லாம் என்ன செய்வது.

நகல்கள் வந்தன. படித்ததை எழுதுகிறேன்.

முதல் பக்கம்: டீட்ரிஷ் பிராமர். உயரம் ஒரு மீட்டர் எழுபத்து நாலு. உடற்கட்டு மெலிவு. முகம் நீளம். கண் சாம்பல் நிறம். காலணி நீளம் இருபத்தெட்டரை, அகலம் ஐந்து. கையெழுத்து அப்பாவுடையதேதான். பெயரின் கடைசி எழுத்தை அவர் எப்போதும் கீழே இழுத்துவிடுவார்.

துணிமணிப் பக்கம்: சட்டை இரண்டு, உள்காற்சட்டை இரண்டு, கழுத்துப்பட்டை ஒன்று, ரொட்டிப் பை ஒன்று. காலுறை மூன்று ஜோடி கொடுத்து ஒரு ஜோடியைத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். ஊசி போட்ட பக்கம்: அம்மை, டைபாய்டு. பல் பக்கம்: கீழே இரண்டு எடுத்தது. ஆஸ்பத்திரிப் பக்கம்: 1944 நவம்பர், வலது முழங்காலில் குண்டுச் சிதறல். ‘காவல் வேலைக்கு மட்டும் தகுதி’ என்று போட்டிருக்கிறார்கள்.

மற்றதை நிதானமாகப் பார்த்து எழுதுகிறேன். கண் வலிக்கிறது. தோட்டத்தில் ஆப்பிள் கொட்டிக் கிடக்கிறது, அதையும் பார்க்க வேண்டும்.

டோரீனுக்கு என் அன்பு.
அக்கா,
கெசினே


கிட்சனர்
10 அக்டோபர் 2003

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. கண்ணுக்கு மருத்துவரைப் பார்த்தாயா? கண்ணாடி மாற்றிக்கொள். நாங்கள் சுகம்.

இருபத்தெட்டரை! என் காலணி அளவும் அதுவேதான். படித்ததும் போய்ச் செருப்பைக் கழற்றி டேப் வைத்து அளந்தேன். டோரீன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "முப்பது வருஷம் நிலத்த அளந்தது போதாதா?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். அப்பாவோடு எனக்கு ஒத்துப்போகிற முதல் எண் அது.

ஆனால் நீ இருபத்து மூன்றாம் பக்கத்தை விட்டுவிட்டாய். விடுப்புப் பக்கம். அதில் எண்கள் தெளிவாக இருக்கின்றன: 14.1.45, பிறகு 28.1.45. அதற்குக் கீழே வேறு ஆள் வேறு மையில் 5.2.45 என்று எழுதி ஒரு முத்திரை குத்தியிருக்கிறார். தேதிக்குப் பக்கத்தில் ஐந்தாறு சொற்கள். அவை என்ன? விடுப்பு 28இல் முடிந்துவிட்டது. 5ஆம் தேதி என்ன நடந்தது? நடுவில் எட்டு நாள். இரண்டு கல்லுக்கு நடுவே எட்டு அடி கணக்கில் வராவிட்டால் நான் சாப்பிட உட்கார மாட்டேன், உனக்குத் தெரியும்.

அந்த எட்டு நாளும் அவர் வீட்டில் இருந்தாரா? அப்படியானால் சர்க்கரை ஞாபகம் அப்போதுதான் இருக்கும். நீ அதற்குப் பதிலே எழுதவில்லையே.

தம்பி,
ஐலர்ட்


வேடஹோர்ஸ்ட்
9 நவம்பர் 2003

அன்புத் தம்பிக்கு,

உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் விரும்புகிறேன். பதில் தாமதம், மன்னித்துக்கொள். ஆப்பிளை வெட்டுவதும் கூழ் காய்ச்சுவதுமாக ஒரு மாதம் போய்விட்டது. அறுபத்திரண்டு ஜாடி. யார் தின்பது என்று தெரியவில்லை.

நீ கேட்ட வரி: ‘தானாகத் திரும்பி வந்து பணியில் சேர்ந்தார்.’ தேதி ஐந்து. அவ்வளவுதான். அந்த மாதம் ரயில் எங்கே ஓடியது? பாதிப் பாலம் விழுந்து கிடந்தது. அப்பாவின் படை இருந்த ஹனோவருக்குப் போக ஒரு வாரம் ஆனது என்றால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அப்பாவின் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டு. புத்தகத்தைப் பத்திரமாக வை. ஐம்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது, ஐலர்ட். அதைப் போட்டுக் குடையாதே.

குளிருக்கு நல்ல கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.
அக்கா,
கெசினே


கிட்சனர்
24 நவம்பர் 2003

அன்புள்ள அக்கா,

சுகமா? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. கம்பளிச் சட்டை போட்டிருக்கிறேன். ஆனால் குடையாமல் இருக்க முடியவில்லை.

நூலகத்தில் அந்தக் காலத்து ரயில் வரைபடம் கிடைத்தது. நம் ஊரிலிருந்து ஹனோவர் வரை ஆற்றுப் பாலங்கள் ஏப்ரல் வரைக்கும் நின்றிருந்தன. வண்டி தாமதமாக ஓடியிருக்கும், சரி. எட்டு நாளா? நொண்டிக்கொண்டு நடந்தே போயிருந்தாலும் நாலு நாள்.

இன்னொன்று. நாலாம் பக்கத்தில் அவருடைய பழைய படைப்பிரிவு எண்ணை அடித்துவிட்டு 7.2.45 தேதியில் புது எண் எழுதியிருக்கிறது. பெர்லின் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன். அது ரைன் நதி முனைக்கு அவசரமாகத் திரட்டி அனுப்பிய படையாம். ‘காவல் வேலைக்கு மட்டும் தகுதி’ என்று நீயே படித்துச் சொன்னாய். அந்த முழங்காலோடு ஒரு மனிதரை இரண்டே நாளில் எதற்காக முன்வரிசைக்குத் தள்ளுவார்கள்? மார்ச் நாலாம் தேதி அங்கேயே இறந்துவிட்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எனக்கு நாலு முடியவில்லை. உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். அந்த எட்டு நாளும் அப்பா எங்கே இருந்தார்? ஏப்ரலில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். உட்கார்ந்து பேசலாம்.

ஐலர்ட்


வேடஹோர்ஸ்ட்
15 டிசம்பர் 2003

அன்புள்ள ஐலர்ட், டோரீன், ஹேஸலுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எல்லோரும் நோய் நொடி இல்லாமல் இருங்கள். தனியாக ஒரு பார்சல் வருகிறது, அதில் தேன் கேக்கும் ஹேஸலுக்குக் கையுறையும் இருக்கின்றன. கட்டை விரல் கொஞ்சம் நீளமாகிவிட்டது, வளரும் பிள்ளைதானே.

ஏப்ரலில் வராதே. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். வாடை தாங்காது.

கெசினே


கிட்சனர்
18 ஜனவரி 2004

கெசினே,

இங்கே மென்னோனைட் சபையில் அகாத்தா வீன்ஸ் என்று ஓர் அம்மாள் இருக்கிறாள். எண்பத்தாறு வயது. உக்ரைனில் ஜெர்மன்காரர்கள் குடியிருந்த ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள், பழைய எழுத்தில்தான் படித்தவள். விடுப்புப் பக்கத்தை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் வாசித்தாள்: ‘ரோந்துப் படையால் பிடித்துக் கொண்டுவந்து ஒப்படைக்கப்பட்டார்.’

"நல்லாப் பாருங்கம்மா. திரும்பி வந்து சேந்தாருன்னு இருக்குமோ?"

"என் கண்ணு மங்கல்தான் தம்பி, ஆனா இது மங்கல. பிடிச்சுக் கொண்டாந்திருக்காங்க. ஒங்கப்பா ஒளிஞ்சிருந்தாரா?"

அவளுக்கு மூன்று நிமிஷம் ஆனது. உனக்கு ஆறு வாரம் ஆனது, ஆறு வாரத்துக்குப் பிறகும் தப்பாகப் படித்தாய். நீ வகுப்பில் எழுத்துக்குப் பரிசு வாங்கியவள். தப்பாகப் படிக்கவில்லை. மாற்றிப் படித்தாய்.

ஆக, அப்பா திரும்பிப் போகவில்லை. வீட்டில் ஒளிந்திருந்தார். எட்டாம் நாள் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் மூன்று பேர். அம்மா சொல்லியிருக்க மாட்டாள். நான் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த பயல். நீ அப்போது ஹிட்லர் கட்சியின் சிறுமிகள் அணியில் இருந்தாய். கழுத்தில் கறுப்புத் துண்டு கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிற படத்தை அம்மா கிழித்துப் போட்டாள், பாதிப் படம் என்னிடம் இருக்கிறது.

நீதானா? ஒரே ஒரு சொல் எழுது, போதும்.

ஐலர்ட்


வேடஹோர்ஸ்ட்
3 பிப்ரவரி 2004

அன்புள்ள ஐலர்ட்,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

ஆம், நான்தான். பிப்ரவரி நாலாம் தேதி ஹாஸ்டெட் அம்மாளின் மளிகைக் கடையில் வைத்து விஷயம் வெளியே போனது. மறுநாள் காலையில் வந்தார்கள். அப்பா வைக்கோல் பரணில் இருந்தார்.

வேறு எதுவும் கேட்காதே.

கெசினே


வேடஹோர்ஸ்ட்
11 ஏப்ரல் 2004, ஈஸ்டர்

அன்புள்ள ஐலர்ட்,

உன்னிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுத வேண்டாம் என்றிருந்தால் எழுதாதே. நீ சுகமாக இருக்கிறாயா என்று மட்டும் டோரீனை ஒரு அட்டை போடச் சொல். தபால்காரன் நம் வாசலைத் தாண்டிப் போகும்போது, "இன்னிக்கும் இல்லம்மா" என்கிறான். நான் கேட்கவே இல்லை, அவனாகச் சொல்கிறான். என் முகத்தில் எழுதியிருக்கிறது போல.

பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை.

கெசினே


கிட்சனர்
30 மே 2004

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உன் உடம்பு எப்படி? டோரீன் ஈஸ்டருக்கே எழுதச் சொன்னாள், நான்தான் மல்லுக்கு நின்றேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். அத்தனையும் கெட்ட கடிதம். கிழித்தது நல்லதுதான்.

போன ஞாயிறு அமெரிக்கப் பக்கம் போய்விட்டுப் பாலம் வழியாகத் திரும்பினோம். எனக்குப் பிடித்த புகைபோட்ட இறைச்சி நாலு துண்டு வாங்கி ஹேஸலின் இருக்கைக்குக் கீழே திணித்து வைத்திருந்தேன். அதைக் கொண்டுவரக்கூடாது. சுங்கக்காரர் குனிந்து, "என்ன பாப்பா, தாத்தா உனக்கு என்ன வாங்கிக் குடுத்தாரு?" என்றார். "எனக்கு ஒண்ணுமில்ல. தாத்தாவுக்குத்தான் கறி. நான் அதுமேல உட்கார்ந்திருக்கேனே, யாருக்கும் தெரியாது!" என்றாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டோரீனும் சிரித்தாள். இறைச்சியை எடுத்துக்கொண்டு ஹேஸலுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ, அவ்வளவு பெருமை.

மீதி வழி முழுக்க ரோட்டையே பார்த்து வண்டி ஓட்டினேன். கறி போன வருத்தம் என்று டோரீன் நினைத்துக்கொண்டாள். நான் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னையும் ஒருவன் குனிந்து கேட்டிருப்பான். உனக்குத் தெரிந்ததை நீ சொன்னாய். பிள்ளைகள் அப்படித்தான். நாலு வயதாக இருந்தால் என்ன, பன்னிரண்டாக இருந்தால் என்ன? கேட்டவன்தான் குற்றவாளி, சொன்ன பிள்ளை இல்லை. இதை எழுத எனக்கு மூன்றரை மாதம் ஆனது, அதற்காக என்னை மன்னித்துவிடு.

அப்பா அந்த எட்டு நாளும் நம்மோடுதான் இருந்தார் என்பதே எனக்குப் போதும். அந்தச் சர்க்கரைக் கட்டியை அவர் கையால்தான் தந்திருப்பார். அதை வைத்துக்கொண்டு மீதி நாளை ஓட்டிவிடுவேன்.

உன் தம்பி,
ஐலர்ட்


வேடஹோர்ஸ்ட்
20 ஜூன் 2004

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஹேஸலுக்காக வெகுநேரம் சிரித்தேன், பிறகு அழுதேன். நான் சுகம்தான், ஆனால் ஜூலையில் இருதயத்தில் ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். பயப்படும்படி இல்லை. இருந்தாலும் சாமான்களை ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

இத்துடன் தனியாக ஒரு தாள் இருக்கிறது. பழைய எழுத்தில் எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றால் வீன்ஸ் அம்மாளிடம் கொடுத்து வாசிக்கச் சொல். வேண்டாமென்றால் புத்தகத்துக்குள் அப்படியே வைத்துவிடு, நான் வருத்தப்பட மாட்டேன். அதன் தலைப்பில் உன்னுடைய வரி ஒன்றை உனக்குப் புரியும் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தாளை வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அந்த வரியை விட்டுவிடாதே.

டோரீனுக்கும் குட்டிக்கும் முத்தங்கள்.
கெசினே


(கடிதத்தோடு வந்த தாள்)

கேட்டவன்தான் குற்றவாளி, சொன்ன பிள்ளை இல்லை. – ஐலர்ட் பிராமர், 30 மே 2004

ஐலர்ட், நீ அனுப்பிய மன்னிப்பு என் விலாசத்துக்கு வந்த வேறு ஆள் தபால். பிரித்துப் படித்துவிட்டேன். அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

அன்று பங்கீட்டு அட்டையை என்னிடம் கொடுத்து, "கடைக்கு நீ மட்டும் போ. பையன வெளிய கூட்டிட்டுப் போகாத" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அப்பா பரணுக்குப் போன நாளிலிருந்து உன்னை வாசல் தாண்ட விடவில்லை. எட்டு நாள் அடைபட்டுக் கிடந்தாய். கதவைப் பிடித்துக்கொண்டு, "நானும், நானும்" என்று கத்தினாய். தெருவெல்லாம் கேட்குமே என்று பயந்து உன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். நான் செய்தது அது. அதனால்தான் ‘நான்தான்’ என்று எழுதினேன். அது முழுப்பொய் இல்லை.

கடையில் கட்சிக்காரர் லோமான் நின்றிருந்தார். உன் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கல்லாப் பலகை மேல் உட்கார வைத்தார். "என்னடா பிராமர், ஒங்கப்பா பட்டாளத்துக்குப் போயிட்டாரா?" என்றார்.

"இல்லியே. எங்கப்பா வைக்கோலுக்குள்ள தூங்குறாரு. நான்தான் பால் கொண்டுபோய்க் குடுக்கிறேன். ஒரு சொட்டுகூடச் சிந்த மாட்டேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஹாஸ்டெட் அம்மாளின் ஜாடியைத் திறந்து உன் வாயில் ஒரு சர்க்கரைக் கட்டியைப் போட்டார். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சும்மா உளறுறான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் நீ அந்தச் சர்க்கரையைக் கரையவிடாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வந்தாய். பாதியை அப்பாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றாய். கொண்டுபோய்க் கொடுக்கவும் செய்தாய். அப்பா அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். யார் கொடுத்தது என்று கேட்டார், நீ சொன்னாய்.

ஓடியிருக்கலாம். அந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? விடியும்வரை அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். வந்தவர்களிடம் தானே இறங்கிப் போனார். போகும்போது அம்மாவிடமும் என்னிடமும் சொன்னது இது ஒன்றுதான்: "பையனுக்கு இது தெரியக்கூடாது. எந்த நாளும் தெரியக்கூடாது."

அம்மா சாகும்வரை காத்தாள். நானும் காத்திருப்பேன். ஆனால் சர்க்கரையை அப்பா கையால் தந்ததாக எழுதி, அதை வைத்து மீதி நாளை ஓட்டுவேன் என்கிறாய். அவர் தரவில்லை ஐலர்ட். நீதான் அவருக்குத் தந்தாய். இதை உன்னிடமிருந்து ஒளித்து வைக்க என்னால் முடியவில்லை.


கிட்சனர்
3 அக்டோபர் 2004

அன்புள்ள அக்கா,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டோரீனுக்கு நீ போட்ட அட்டை வந்தது. நிம்மதி. இந்தக் கடிதம் கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பழைய எழுத்தில் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. ‘e’யும் ‘n’னும் இன்னும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

உன் தாளை யாரிடமும் கொடுக்கவில்லை. என் அக்கா எனக்கு எழுதியதை வேறு ஒருவர் வாயால் கேட்கப் பிடிக்கவில்லை. வீன்ஸ் அம்மாள் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் போனேன். ஒரு சிலேட்டு கொடுத்து முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். "அறுபத்து மூணு வயசுல எதுக்குப்பா இது?" என்றாள். "வீட்டுப் பாடம் பாக்கி இருக்கு" என்றேன். தாளில் முதலில் எனக்குக் கூட்டிப் படிக்க வந்த சொல் ‘சர்க்கரை’. அங்கேயே சிலேட்டை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு போனேன். செப்டம்பர் முடியும்போது முழுத்தாளையும் படித்துவிட்டேன்.

நேற்றுக் கடையில் ஒரு பெட்டி கட்டிச் சர்க்கரை வாங்கினேன். காருக்குள் உட்கார்ந்து ஒன்றை வாயில் போட்டேன். அக்கா, அது இனிப்பாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இருபதாம் தேதி வருகிறேன், புத்தகத்தோடு. பெயிண்ட் என்று ஏதாவது எழுதினால் வாளியையும் பிரஷையும் நானே கொண்டுவருவேன். வந்ததும் எனக்கு ஒன்று செய்ய வேண்டும் நீ. தாளின் தலைப்பில் எழுதினாயே, என்னுடைய வரி, அதை உன் வாயால் எனக்கு ஒரு தடவை சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல். உனக்குத்தான் காது கேட்காது, எனக்குக் கேட்கும்.

உன் தம்பி,
ஐலர்ட்